ஒரு இன்ச் விட்டுப் பிடித்தீர்களா?

நான் எழுதிய நிரலைப் படித்தவர் பதினான்கு குறைகள் எழுதியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எந்த வரியில் என்று குறித்து, தொடக்கத்தில் ஒரு பாராட்டும் முடிவில் ஒரு நன்றியும் வைத்திருந்தார். எல்லாம் ஆங்கிலம். நான் படித்தது பத்தாம் வகுப்பு, தமிழ் மீடியம். கைப்பேசியில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அதைப் படித்தேன். அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்துப்போனது.

ஏழாவது குறையில் நின்றுவிட்டேன். என் தமிழில் சொன்னால் அது இப்படி இருந்தது: "இந்த ஒரு அங்குலம் எங்கிருந்து வந்தது? காரணம் சொல்லாத எண். பயன்படுத்துகிறவர் தவறாக அளந்தால் அதைக் கேள்வி கேட்பது மென்பொருளின் வேலை இல்லை. இந்தப் பகுதியை நீக்கிவிடவும்."

மற்ற பதின்மூன்றையும் செய்தேன். ஏழாவதைச் செய்யவில்லை. இன்றுவரை செய்யவில்லை.

நான் வேலை பார்ப்பது அலுமினிய ஜன்னல் செய்யும் ஒரு பட்டறையில். ஆவடியிலிருந்து வெள்ளானூர் போகிற வழியில் இருக்கிறது. நூம்பலோ வேப்பம்பட்டோ, எங்கே புதிதாக அடுக்குமாடி எழும்பினாலும் அதற்கு ஜன்னல் வேண்டும் என்பதால் எங்களுக்கு வேலை ஓய்வதில்லை. பின்னால் கட்டர் ஓடும். முன்னறையில் நான். டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்த தைரியத்தில் பில் அடிக்கத்தான் சேர்ந்தேன். ஒரு வருடத்தில் கட்டிங் லிஸ்ட் என் தலையில் வந்து விழுந்தது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

கட்டிங் லிஸ்ட் என்பது வேறொன்றுமில்லை. அளவு எடுக்கிறவர் கட்டடத்துக்குப் போய், ஜன்னல் வரப்போகிற ஒவ்வொரு திறப்பையும் அளந்து நோட்டில் எழுதி வருவார். அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். எந்தச் சுவரும் நேராக இருக்காது. மூன்றில் எது சின்னதோ அதற்குத்தான் ஜன்னல் செய்வோம். அந்த அளவிலிருந்து எந்தப் பட்டையை எத்தனை நீளத்தில் வெட்ட வேண்டும், பன்னிரண்டு அடிப் பட்டையில் எதை எதோடு சேர்த்து வெட்டினால் துண்டு வீணாகாது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. அடி, இன்ச், நூல் என்றுதான் எழுதுவோம். ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். இந்தப் பக்கம் கொத்தனார், ஆசாரி, வெல்டர் எல்லாருக்கும் அதுதான் கணக்கு.

இப்போது டேப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரும்பு டேப்பின் நுனியில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். புதிதாக வாங்கிய மாதமே அது ஆடத் தொடங்கிவிடும். இரண்டு தடவை கீழே போட்டால் வளையும். வளைந்த கொக்கியில் அளந்தால் ஒரு நூல், இரண்டு நூல் தப்பும். அதனால் யாரும் நுனியிலிருந்து அளப்பதில்லை. ஒரு இன்ச் கோட்டைச் சுவர் விளிம்பில் வைத்துப் பிடிப்பார்கள். அந்தப் பக்கம் என்ன வருகிறதோ அதில் ஒன்றைக் கழித்து எழுதிக்கொள்வார்கள். "ஒரு இன்ச் வுட்டுப் புடி" என்று சொன்னால் இங்கே எல்லாருக்கும் புரியும்.

எல்லாருக்கும் என்று சொன்னேன். அங்கேதான் சிக்கல். அளவு எடுக்கிறவர் தனி ஆளாகப் போவார். டேப்பின் அந்த முனையைப் பிடிக்க, கட்டடத்தில் யார் சும்மா நிற்கிறாரோ அவரைக் கூப்பிடுவார். மேல் அளவுக்கு வாட்ச்மேன் பிடிப்பார். கீழ் அளவுக்கு வருவதற்குள் வாட்ச்மேனை யாராவது கேட்டிலிருந்து கூப்பிடுவார்கள். பெயின்டர் வந்து பிடிப்பார். வாட்ச்மேன் ஒரு இன்ச் விட்டுப் பிடித்தார். பெயின்டர் நுனியை வைத்துப் பிடித்தார். அளவு எடுக்கிறவர் இரண்டிலும் ஒன்றைக் கழித்தார். முடிந்தது. மேலே நாற்பத்தெட்டு, கீழே நாற்பத்தேழு. நாங்கள் சின்னதை எடுத்துக்கொண்டு நாற்பத்தேழுக்கு ஜன்னல் செய்வோம். உண்மையில் கீழேயும் நாற்பத்தெட்டுதான் இருக்கும்.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு குடியிருப்பில் ஆறு ஜன்னல்கள் அப்படிப் போய் நின்றன. மாட்டப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். முதலாளி என் லிஸ்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார்.

"இன்னாம்மா கீது இது? ஜன்னலுக்கும் செவுத்துக்கும் நடுவுல வெரலு பூந்து அந்தாண்ட வருது. லிஸ்ட்டு யாரு போட்டது?"

"நான்தாங்க."

"கண்ணாடி போட்டுக்கினுதான போட்ட?"

கட்டர் ஓடுகிற இடத்திலிருந்து சிரிப்பு வந்தது. அளவு எடுக்கிறவர் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை, ஆனால் வாயையும் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. லிஸ்ட் யார் கையெழுத்தில் இருக்கிறதோ அவர்தான் குற்றவாளி. அதுதான் பட்டறை வழக்கம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். லிஸ்ட் எழுதும்போதே எனக்குச் சந்தேகம் வந்தது. ஆறு ஜன்னலிலும் மேலுக்கும் கீழுக்கும் சரியாக ஒரு இன்ச் வித்தியாசம். சுவர் கோணலாக இருந்தால் மூன்று நூல் வரும், ஐந்து நூல் வரும். ஆறு இடத்திலும் நூல் பிசகாமல் ஒரு இன்ச் எப்படி வரும்? எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். வாசலில் நான்கு ஆண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் போய், "அண்ணே, ஒரு இன்ச் விட்டுப் பிடிச்சீங்களா?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டு தடவை நாற்காலியிலிருந்து எழுந்தேன். இரண்டு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். என் சுபாவம் அப்படி. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டினாலும் கண்டக்டரிடம் சொல்லாமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவள் நான்.

அந்த ஆறு ஜன்னலுக்குப் பிறகுதான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். முதலில் எக்செல். கட்டங்களில் சூத்திரம் போட்டுப் பார்த்தேன். பட்டையைச் சேர்த்து வெட்டுகிற கணக்கு அதில் அடங்கவில்லை. பிறகு நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும் தமிழ் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினேன். மதியச் சாப்பாட்டு நேரம் அரை மணி, ஷேர் ஆட்டோவில் கால் மணி. மூன்று வருடம் ஆயிற்று. அடி, இன்ச், நூல் கொடுத்தால் லிஸ்ட் வரும். பிளேடு தின்கிற ஒரு நூலையும் அதுவே கழித்துக்கொள்ளும். கைப்பேசியிலும் திறக்கும் என்பதால், அளவு எடுக்கிறவர் கட்டடத்தில் நின்றபடியே அளவைப் போடலாம்.

அதோடு அந்தக் கேள்வி. ஒரே திறப்பின் இரண்டு அகலங்களுக்கு நடுவே ஒரு இன்ச் வித்தியாசம் வந்தால், ஒரு நூல் கூடக்குறைய இருந்தாலும், லிஸ்ட் வராது. திரையில் ஒரே வரி வரும்: "ஒரு இன்ச் விட்டுப் பிடித்தீர்களா?" மறுபடி அளந்து பார்த்துப் பதில் சொன்னால்தான் மேலே போகும்.

அளவு எடுக்கிறவருக்கு முதல் நாளே அது பிடிக்கவில்லை. வெள்ளானூரிலேயே தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்த குடும்பத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்; இருந்தாலும் என்னை யக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னா யக்கா, உன் பொட்டி சாமியாடி மாதிரி கேட்டதையே கேட்டுகினு கீது? முப்பது வருசமா டேப்பு புடிக்கிறேன். என்னையே சந்தேகப்படுதா?"

நான் அடுத்த லிஸ்ட்டை எடுத்தேன். சொல்ல வேண்டியதைத்தான் அது சொல்லிவிட்டதே.

எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் ஒரு பெண் இருக்கிறாள். கோயம்புத்தூர்ப் பக்கம். மென்பொருள் கம்பெனியில் வேலை. லிஃப்ட் கெட்டுப்போன ஒரு வாரம் படியேறும்போது பழக்கமானாள். அவள் வீட்டு ஜன்னல் எங்கள் பட்டறையில் செய்தது என்று சொன்னேன். பேச்சு வளர்ந்து, என் நிரலைக் காட்டும்படி ஆயிற்று. படியிலேயே உட்கார்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க்கா, இத இத்தன நாளா யாருக்கும் காட்டாமயா வச்சிருந்தீங்க? எல்லாரும் எடுத்துக்கற மாதிரி வெளிய போட்டுடலாமுங்க."

யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், விலை கிடையாது என்று போட்டோம். பிறகு அவள்தான் ஒரு குழுவைப் பற்றிச் சொன்னாள். இப்படிச் சின்னச் சின்ன மென்பொருள் தொகுப்புகளைத் தன்னார்வலர்கள் வரி வரியாகப் படித்துப் பார்த்து, தேறினால் தங்கள் பட்டியலில் சேர்ப்பார்கள். பட்டியலில் இருந்தால் மற்ற ஊர்ப் பட்டறைக்காரர்கள் தேடும்போது கிடைக்கும், நம்பி எடுப்பார்கள் என்றாள். விண்ணப்பப் படிவத்தில் "நிறுவனம்" என்று ஒரு கட்டம் இருந்தது. "பட்டறை" என்று போட்டேன்.

பட்டியலில் சேர வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். பத்தாம் வகுப்புக்குப் பிறகு என்னை யாரும் எதிலும் பாஸ் என்று சொன்னதில்லை. டைப்ரைட்டிங் லோயர் ஒன்றைத் தவிர.

விண்ணப்பத்தைப் படித்த தன்னார்வலர் ஒருவரிடமிருந்து வந்த பதில்தான் அந்தப் பதினான்கு குறைகள். பெரும்பாலும் நியாயமானவை. ஒரே வேலையை மூன்று இடத்தில் எழுதியிருந்தேன், ஒன்றாக்கினேன். சோதனைகள் போதாது என்றார், எழுதினேன். விளக்கத்தை ஆங்கிலத்திலும் வைக்கச் சொன்னார். மூன்றாவது மாடிப் பெண் துணையோடு வைத்தேன். நூல் என்கிற அளவை எடுத்துவிட்டு மில்லிமீட்டர் மட்டும் வைக்கலாமே என்றார். மில்லிமீட்டரைச் சேர்த்தேன், நூலை எடுக்கவில்லை. அதற்கு அவர் சரி என்றார். பன்னிரண்டாவதில், எழுதியவருக்கு இந்தத் துறையில் என்ன தகுதி என்று குறிப்பிட வேண்டும் என்று இருந்தது. "பத்தாம் வகுப்பு. இருபது வருடம் கட்டிங் லிஸ்ட்" என்று எழுதினேன். ஒரு எழுத்தும் கூட்டிச் சொல்லவில்லை.

ஏழாவதற்கு மட்டும் நீளமாகப் பதில் எழுதினேன். கொக்கி ஆடுவதை, ஒரு இன்ச் விட்டுப் பிடிப்பதை, வாட்ச்மேனை, பெயின்டரை, எல்லாவற்றையும். யாரிடமும் நேரில் இத்தனை நேரம் நான் பேசியதில்லை.

மறு வாரம் பதில் வந்தது. சுவாரசியமான வழக்கம் என்று பாராட்டியிருந்தார். ஆனால் இதற்குத் தீர்வு அளப்பவருக்குப் பயிற்சி கொடுப்பது, அல்லது லேசர் கருவி வாங்குவது என்றார். கருவி எங்களிடமும் இருந்தது. என் மேசையின் கீழ் இழுப்பறையில் பேட்டரி வீங்கிக் கிடந்தது. பட்டப்பகலில் ஜன்னல் இல்லாத திறப்பில் நின்று அந்தச் சிவப்புப் புள்ளியைத் தேடிப் பாருங்கள், வெயிலில் ஒன்றும் தெரியாது என்று எழுதினேன். அப்படியானால் இந்தத் தவறு நிஜமாகவே நடக்கிறது என்பதற்கு ஓர் ஆதாரம் காட்டுங்கள் என்றார்.

ஆதாரம் அளவு நோட்டில் இருந்தது. நோட்டு அளவு எடுக்கிறவருடையது.

மறுநாள் காலை அவர் வண்டியை நிறுத்துவதற்குள் வாசலுக்குப் போய்விட்டேன். உள்ளே போய் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அண்ணே, உங்க பழைய நோட்டுல ஒரு பக்கம் வேணும். போட்டோ எடுத்து வெளிய போடணும்."

"எந்தப் பக்கம்?"

"பூந்தமல்லி ஆறு ஜன்னல்."

ஹெல்மெட்டைக் கழற்றாமல் என்னைப் பார்த்தார். பின்னால் கட்டர் ஆள் ஒருவர் வந்து நின்றுவிட்டார். ஆனாலும் அங்கேயே நின்றேன்.

"இன்னா யக்கா, என் மானத்த ஊருக்கே போஸ்டர் அடிச்சி ஒட்டப் போறியா?"

"உங்க பேரு வராதுண்ணே. என் நிரலப் படிச்சுப் பாக்கற ஆளு இப்படி ஒரு தப்பே நடக்காதுன்றாரு. அந்தக் கேள்விய எடுக்கச் சொல்றாரு."

"எடுத்துடேன். நல்லாருப்பாரு, எடுத்துடு."

"அன்னிக்கி அந்தக் கேள்விய நான் உங்கள்ட்ட கேட்டிருந்தா ஆறு ஜன்னல் தப்பிச்சிருக்கும். நான் கேக்கல. திட்டு நான் வாங்கினேன். நீங்க டீ குடிச்சினு இருந்தீங்க."

இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். கட்டர் ஆள், "அண்ணாத்தே, மாட்னியா?" என்றார். அளவு எடுக்கிறவர் அவரைப் பார்த்து, "நீ போயி உன் பிளேட்ட பாரு" என்று அதட்டினார். பிறகு வண்டிப் பெட்டியைத் திறந்து, பழைய நோட்டுகளில் தேடி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"எடுத்துக்கோ. ஆனா ஒண்ணு. தப்பு பெயின்டரு மேலன்னு எழுது."

எழுதினேன். அவர் சொன்னது உண்மையும்கூட.

நோட்டுப் பக்கத்தின் படத்தைப் போட்டேன். ஆறு வரிகள். ஆறிலும் மேல் அளவைவிடக் கீழ் அளவு சரியாக ஒரு இன்ச் குறைவு. பக்கத்தில் முதலாளி சிவப்புப் பேனாவில் ஆறையும் அடித்திருந்தார். தமிழில் இருந்ததை வரி வரியாக விளக்கி எழுதினேன்.

இந்த முறை குழுவின் பொறுப்பாளரும் வந்தார். இருவரும் கலந்து பேசி ஒரு வழி சொன்னார்கள். கேள்வி இருக்கட்டும். ஆனால் தொகுப்பை எடுக்கும்போது அது அணைந்திருக்க வேண்டும். வேண்டும் என்பவர்கள் போய் இயக்கிக்கொள்ளலாம். இதை மட்டும் செய்தால் இன்றே பட்டியலில் சேர்த்துவிடுகிறோம்.

மூன்றாவது மாடிப் பெண் அதைப் படித்துவிட்டு ஓடி வந்தாள். கையில் இனிப்புப் பெட்டி இல்லாததுதான் குறை.

"ஒரே ஒரு வரிங்க்கா. அணைச்சுப் போட்டுருங்க. பட்டியல்ல வந்தப்பறம் அடுத்த திருத்தத்துல நைசா எரிய விட்டுக்கலாம். யாரு பாக்கப் போறாங்க?"

"அது திருட்டுத்தனம்மா."

"ஏனுங்க்கா இப்படி அடம் புடிக்கறீங்க? எங்க ஆபீஸ்ல ஒரு நாளைக்கு பத்து வரி இப்படி விட்டுக் குடுப்போமுங்க."

"அணைஞ்சு கெடந்தா யாரு போயி எரிய வுடுவாங்க சொல்லு. தான் தப்பா அளக்கறோம்னு தெரிஞ்சவன் எரிய வுடுவான். தெரிஞ்சவனுக்கு அது எதுக்கு?"

"அப்ப பட்டியல் வேண்டாமுங்களா?" என்றாள்.

"வேணும். ஆனா இத அணைச்சுட்டு வேணாம்."

அவள் போன பிறகு பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதி எழுதி அழித்தேன். முதலில் எழுதியதில் மன்னிக்கவும் என்று மூன்று இடத்தில் இருந்தது. மூன்றையும் எடுத்தேன். கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

"உங்கள் பதினான்கு குறைகளில் பதின்மூன்றைத் திருத்தியிருக்கிறேன். அதனால் தொகுப்பு முன்னைவிட நன்றாக இருக்கிறது. நன்றி. இந்தக் கேள்வியை நீக்க மாட்டேன், அணைக்கவும் மாட்டேன். பட்டறையில் லிஸ்ட் எழுதுகிறவரால் அளவு எடுத்தவரைக் கேள்வி கேட்க முடியாது. அதைக் கேட்பதற்காகத்தான் இதை எழுதினேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. இதனால் சேர்க்க முடியாது என்றால் விண்ணப்பத்தை மூடிவிடுங்கள்."

மூன்றாம் நாள் மூடிவிட்டார்கள். மரியாதையாகத்தான் மூடினார்கள். ஆசிரியரும் மதிப்பாய்வாளரும் உடன்படவில்லை என்று ஒரு குறிப்பு. பக்கத்தின் மேலே "மூடப்பட்டது" என்று ஒரு முத்திரை. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் வருத்தம் வந்ததே தவிர, அப்படி எழுதியிருக்க வேண்டாமே என்ற எண்ணம் ஒரு தடவைகூட வரவில்லை. நான் வழக்கமாக எதைச் சொன்னாலும் வீட்டுக்கு வந்து அதை நூறு தடவை திருப்பிப் பார்த்து நொந்துகொள்கிறவள்.

பட்டறையில் விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. கட்டர் ஆள் வேலையாக இருக்கும்.

"யக்கா, வெள்ளக்காரன் உன்ன ஃபெயில் ஆக்கிட்டானாமே?" என்றார் அளவு எடுக்கிறவர்.

"வெள்ளக்காரரா யாருன்னு தெரியாதுண்ணே. ஆனா ஃபெயில்தான்."

"பெயின்டர் தப்புன்னு எழுதுனியா இல்லியா?"

"எழுதினேன்."

"அப்பறம் இன்னாத்துக்கு ஃபெயிலு?" என்று நிஜமான கோபத்தோடு கேட்டார். அவர் என் பக்கம் பேசியது அதுதான் முதல் தடவை. அதற்காகக் கேள்வியைத் திட்டுவதை அவர் விட்டுவிடவில்லை. அந்த வாரமே நூம்பலில் ஒரு கட்டடத்திலிருந்து போன் செய்தார். "கேக்குது யக்கா, மறுபடியும் கேக்குது. வாட்ச்மேன் ஒழுங்காத்தான் புடிச்சான். இரு, இரு. யோவ், நீ எங்கய்யா புடிச்ச? நுனியிலயா? அடப்பாவி..." போன் துண்டித்துக்கொண்டது. பத்து நிமிடத்தில் திருத்திய அளவு வந்தது.

இரண்டு மாதம் கழித்து, தொகுப்பின் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் தமிழில் எழுதியிருந்தார். கரூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறாராம். பட்டியலில் இல்லாமலே எப்படியோ தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். "லிஸ்ட் நல்லா வருது. கேள்விதான் எங்களுக்கு உதவல. நாங்க சென்டிமீட்டர் டேப்புல பத்து சென்டி விட்டுப் பிடிப்போம். பத்து வித்தியாசம் வந்தா உங்க நிரல் வாயே திறக்க மாட்டேங்குது. போன மாசம் ஒரு கதவு நிலை போச்சு."

பத்து சென்டி. எனக்குத் தோன்றவே இல்லை. ஆவடியில் ஒரு இன்ச் என்றால் உலகம் முழுக்க ஒரு இன்ச் என்று நினைத்திருக்கிறேன். "இந்த ஒரு அங்குலம் எங்கிருந்து வந்தது?" என்று அவர் கேட்டாரே, அதில் பாதி நியாயம் இருந்தது. அந்தப் பாதியை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. நீக்கு என்றார் அவர், நீக்க மாட்டேன் என்றேன் நான். எண்ணை மாற்ற முடிகிற மாதிரி வைக்கலாமே என்று இருவருக்கும் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருத்தினேன். இப்போது முதல் தடவை திறக்கும்போதே அது கேட்கும்: "உங்கள் பட்டறையில் எவ்வளவு விட்டுப் பிடிப்பீர்கள்?" ஒரு இன்ச்சோ பத்து சென்டியோ அவரவர் போட்டுக்கொள்ளலாம். பூஜ்யம் மட்டும் போட முடியாது. பூஜ்யம் போட்டால் கேள்வி அணைந்துவிடும் என்பதால் அதை அடைத்துவைத்தேன். மூன்றாவது மாடிப் பெண் பார்த்துவிட்டு, "இதுக்கும் ஒருத்தர் வந்து குறை எழுதுவாருங்க" என்றாள். எழுதட்டும் என்றேன்.

பிறகு, மூடிக்கிடந்த அந்த விண்ணப்பப் பக்கத்துக்குப் போனேன். மூடியதன் கீழேயும் எழுத இடம் இருந்தது. யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. எழுதினால் பதில் வரும் என்றும் இல்லை. ஏழாவது குறைக்குப் பதில் என்று தலைப்புப் போட்டு எழுதினேன்:

"எண்ணைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஒரு இன்ச் என்று நான் கட்டிப் போட்டது தவறு. திருத்திவிட்டேன். கேள்வி இருக்கிறது."